பதாகையில் இல்லாத பிள்ளைகள்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும், மூதூரிலிருந்து வெருகல் வரையுள்ள வீதியில் போகிறவர்கள் பதாகைகளைப் பார்க்காமல் போக முடியாது. பாடசாலை மதிலில், பள்ளிவாசல் சந்தியில், சில வேளை மின்கம்பத்தில்கூட. வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, பெயர், பெற்ற புள்ளி. கீழே அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் வாழ்த்து. நாம் படங்களை எண்ணுகிறோம்: ஆறு, எட்டு. அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை எண்ணுவார் எவருமில்லை.

ஒரு பாடசாலை யாரைக் கொண்டாட வேண்டும்? நிர்வாகம் சம்பந்தப்பட்ட சின்ன விடயம்போல் இது தோன்றலாம். எனக்கு இது நீதி சம்பந்தப்பட்ட விடயமாகவே படுகிறது. பரீட்சைப் பயம் பற்றி நாம் பேசும் அத்தனையும் இங்கேதான் வந்து முட்டுகிறது.

பயத்தைப் போக்குவதற்கான கருத்தரங்குகள் இப்போது நிறைய. நேரத்துக்கு உறங்கு, தண்ணீர் குடி, மூச்சை ஆழ இழுத்து விடு. நல்ல ஆலோசனைகள்தாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, சோறு இறங்கவில்லை என்று சொன்ன ஒரு பிள்ளையிடம், “எதுக்கு மகள் பயம்? கேள்வி கஷ்டமா வரும் எண்டா?” என்று கேட்டேன். “கேள்விக்கு இல்ல சேர். என்ட படம் வராட்டி உம்மா ஒருத்தர்ட வீட்டுக்கும் போகமாட்டா” என்றாள். பத்து வயது. இந்தப் பயத்துக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்?

இந்தப் பரீட்சையின் பிறப்பு இப்படியானதன்று. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் வந்த காலத்தின் பிள்ளை இது. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் ஓர் இடமும் கைச்செலவுக்கு உதவிப்பணமும் கிடைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தப் புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். அதாவது, இருக்கிற உதவிப்பணத்துக்கும் இடங்களுக்கும் ஏற்ப இழுக்கப்பட்ட கோடு அது. கோட்டுக்கு இப்பால் நின்ற பிள்ளையின் மூளையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரண்டு வினாத்தாளிலும் தலா 35 புள்ளி எடுத்த பிள்ளைக்குத் திணைக்களம் சான்றிதழ் வழங்குகிறது. நாமோ அந்தப் பிள்ளையை “பெயில்” என்கிறோம். திணைக்களமே சொல்லாத சொல் இது.

பெரியவர்களின் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 இல் நாடு பார்த்தது. செப்டம்பர் 15 அன்று நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. பெற்றோர் வீதிக்கு வந்தனர், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குமாறு டிசம்பர் 31 அன்று தீர்ப்பு வந்தது. பெறுபேறு வர மறு ஆண்டு பிறந்துவிட்டது. களவு பெரியவர்களுடையது, மீண்டும் எழுத வேண்டி வருமோ என்று மாதக்கணக்கில் தவித்தது பிள்ளைகள். பரீட்சைக்குச் சில நாள்களுக்கு முன்பிருந்து பிரத்தியேக வகுப்பும் மாதிரி வினாத்தாள் விநியோகமும் தடை என்று ஆண்டுதோறும் அறிவித்தல் விட வேண்டியிருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையைச் சற்று மூச்சுவிட விடுங்கள் என்று எம்மைச் சட்டம் போட்டுத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. இலங்கைத்துறைப் பக்கம் கடலுக்குப் போகும் ஒரு வாப்பாவின் பெயர் வீதியில் எழுதப்படுவது வாழ்நாளில் ஒருமுறைதான். அதுவும் மகளின் படத்துக்குக் கீழே. அந்தப் பதாகையைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் பெண்பிள்ளையைப் படிக்க விடுவார்கள் என்பதும் உண்மை. பிள்ளையின் திறமை அல்லாஹ் தந்த அருள். அதைக் கண்டு ஊர் மகிழ்வதில் என்ன பிழை? மகிழ்ச்சியில் பிழையில்லை. மற்ற இருபத்துநான்கு பேரையும் மறைத்துத்தான் அந்த மகிழ்ச்சி நிற்கும் என்றால் மட்டுமே எனக்கு வழக்கு.

பாடசாலை எமக்கு என்னவாக இருந்திருக்கிறது? 2006 ஆகஸ்டில் மூதூர் இடம்பெயர்ந்து கந்தளாய்க்குப் போனபோது சனங்கள் படுத்துறங்கியது பாடசாலைக் கட்டடங்களில். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். அன்று அழுத எவரும் அந்தப் பிள்ளைகள் எத்தனை புள்ளி எடுப்பவர்கள் என்று கேட்கவில்லை. துயரத்தில் எல்லாப் பிள்ளையும் ஊரின் பிள்ளை; பெறுபேற்றில் மட்டும் ஏன் சில பிள்ளைகள்?

தரம் ஐந்துப் பிள்ளைகளை இல்ல விளையாட்டுப் போட்டியிலிருந்து நிறுத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஓட்டத்தில் முதலாவதாக வரக்கூடியவன் அன்று வகுப்பறைக்குள் மாதிரி வினாத்தாள் செய்துகொண்டு, கைதட்டல் சத்தத்தை யன்னலால் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் வெட்டுப்புள்ளியையும் தாண்டாவிட்டால் அந்த ஆண்டு அவனுக்கு மிஞ்சுவது என்ன? எங்கள் பாடசாலையில் அவர்களையும் திடலில் இறக்கினோம். புள்ளி குறையும் என்று இரண்டு பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். குறைந்ததா கூடியதா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் செய்கிறோம். பரீட்சை முடிந்த வாரத்திலேயே, பெறுபேறு வருவதற்கு வெகுமுன்னர், தரம் ஐந்துக்கு ஒரு பகல் விருந்து. அப்போது எவருக்கும் புள்ளி இல்லை. பரீட்சை எழுதிய பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள். தாய்மார் பாடசாலைக் கிணற்றடியில் அடுப்பு மூட்டி ஆக்குகிறார்கள். மண்டபத்தில் பாய் விரித்து ஆறு பேருக்கு ஒரு சஹன். யார் யாரோடு உட்காருவது என்பதை ஆசிரியர்கள் தீர்மானிப்பதில்லை, பிள்ளைகளே சேர்ந்துகொள்கிறார்கள். சென்றமுறை ஒரு சஹனில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரை எழுந்து அடுத்த சஹனுக்குப் போகச் சொன்னேன். ஒருவரும் எழும்பவில்லை.