விரல் நுனியும் கடமையும்

ஒரு கொள்கையை ஆதரிப்பதற்கும் அதற்காக உழைப்பதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? இவ்வினா பழையது. கைப்பேசித் திரையைத் தொட்ட அளவிலேயே கடமை முடிந்ததென மனம் நிறைவடையும் இக்காலத்தில், அது மீண்டும் நம் முன் நிற்கின்றது.

இணையத்தில் எழும் மக்கள் குரல் வெற்றொலியே என்பார் உளர். மலேசிய நாட்டின் அண்மைக்கால வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது. 2018-ஆம் ஆண்டில் பதினான்காம் பொதுத் தேர்தல் மே 9, புதன்கிழமை நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. வேலை நாளில் வாக்களிப்பா எனப் பலர் கலங்கினர். அந்நாள் பின்னர் பொது விடுமுறையாக்கப்பட்டது. எனினும், தொலைவில் பணிபுரிந்தோர் ஊர் திரும்ப வேண்டுமே! இணையத்தின்வழி முன்பின் அறியாதோர் பயணச் செலவுக்குப் பணம் ஈந்தனர். தம் வாகனங்களில் இடம் அளித்தனர். அயல்நாட்டில் வாழ்ந்தோரின் அஞ்சல் வாக்குகளை விமானப் பயணிகள் சுமந்து வந்தனர். விடுதலை பெற்ற 1957 முதல் ஆண்டுவந்த கூட்டணி அத்தேர்தலில் ஆட்சியை இழந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், அந்நியரை நம்பிய அம்மனப்பாங்கு அரசியலுக்குப் புதியது என்பதை மறுத்தல் இயலாது.

மற்றொரு சான்றும் உண்டு. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கக் கோரி, 2016-இல் மாணவர் சிலர் இணையத்தில் 'உண்டி18' இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் பதிவிடுவதோடு நின்றுவிடவில்லை. அரசியல்வாதிகளை நேரில் கண்டு வாதிட்டனர். 2019 ஜூலையில் அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் 211 வாக்குகளுடன், எதிர்ப்பின்றி நிறைவேறியது. நடைமுறைப்படுத்தக் காலம் தாழ்ந்தபோது இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2021 டிசம்பர் 15-இல் சட்டம் நடப்புக்கு வந்தது. குரல் எழுப்ப ஒரு நொடி போதும். அதனைச் சட்டமாக்க ஐந்தாண்டுப் பொறுமை வேண்டியிருந்தது.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்போம். பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்த பொதுத் தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. அதனை ஒட்டியே, 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி இனப்பகை மூட்டும் காணொளிகளும் டிக்டாக்கில் பரவின. அவற்றைப் பகிர்ந்தோரும் சாதாரண மக்களே. 'ஆயிரம் பேர் அனுப்பியதை நானும் அனுப்பினேன். என் குற்றம் என்ன?' என்பது அவர்தம் வாதமாக இருக்கலாம். இங்கேதான் அறம் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. பலர் கூடிச் செய்வதால் பழி பங்கிடப்பட்டுக் குறைவதில்லை. ஊர் திரும்ப உதவிய ஒவ்வொருவரும் முழு நன்மை செய்தார் எனில், பொய்யைப் பரப்பிய ஒவ்வொருவரும் முழுத் தீமையே செய்தார்.

சொல்பவர் எவராயினும் சொல்லின் உண்மையை ஆராய்வதே அறிவுடைமை என்றார் வள்ளுவர். அக்குறளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியரும், ஒப்புவிக்கும் மாணவரும் அதனைக் கைப்பேசியை ஏந்தும் வேளையிலும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஆறாம் படிவ மாணவரும் இன்று வாக்காளர் ஆதலின், இது ஏட்டுக் கல்வியன்று. நாட்டின் நாளையத் தலைவிதி.

வாக்களித்த விரலில் மை இடப்படுகின்றது. இன்னார் தம் கடமையைச் செய்தார் என்பதற்கு அஃது அடையாளம். திரையைத் தொடும் விரலில் மை ஒட்டுவதில்லை. எனினும் பொறுப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றது.