ஒரு பழம்... இரண்டு கோபம்!

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் விலகும் வேளையில் தூரத்தில் பழநி தெரியும். 1936-ல் இந்தக் கோயிலை எழுப்பியவர், இலங்கை சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். இந்து சமயத்தைத் தழுவிய மேல்நாட்டுப் பெண்மணி அவர்.

அவர் பிறந்த மேல்நாட்டிலும் ஒரு பழக்கதை உண்டு. அதிலும் மயில் உண்டு!

கிரேக்கப் புராணத்தில், திருமணத்துக்கு அழைக்கப்படாத ஈரிஸ் என்ற கலக தேவதை, 'பேரழகிக்கு' என்று எழுதிய தங்க ஆப்பிளைப் பந்தியில் உருட்டிவிட்டாள். ஹீரா, அதீனா, அஃப்ரோடைட் மூவரும் உரிமை கொண்டாடினார்கள். ரோமானியர்கள் இவர்களையே ஜூனோ, மினர்வா, வீனஸ் என்பார்கள். ட்ராய் நாட்டு இளவரசன் பாரிஸ் நடுவரானான். மூவருமே அவனுக்கு ஆசை காட்டினார்கள். பழம் அஃப்ரோடைட்டுக்குப் போனது.

தேவர்களின் அரசியான ஹீராவுக்குரிய பறவை மயில். பழத்தை இழந்த அவள் ட்ராய் நகரையே பகைத்தாள். பத்தாண்டுப் போரில் அந்த நகரம் அழிந்தது. பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத குழந்தைகளும் பெண்களும் அல்லவா தவித்தார்கள்!

நம் கதையிலும் பழத்தை இழந்தவர் மயில்வாகனன்தான். சொன்னபடி உலகைச் சுற்றி வந்தும், கனி அண்ணன் கைக்குப் போய்விட்டது. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால், அண்ணனை அவர் பகைக்கவில்லை. ஆபரணங்களைக் களைந்து, தண்டம் ஏந்தி, ஆண்டியாக மலையேறி நின்றார். நாடி வந்தவர்களுக்கெல்லாம் அருளை வாரி வழங்கினார். எல்லாவற்றையும் துறந்தவரிடம்தான் இன்றும் நாம் எல்லாம் கேட்டு நிற்கிறோம்!

கோபப்படுவது பாவமா? நியாயமான கோபம் தெய்வத்துக்கும் வந்திருக்கிறது. அந்தக் கோபம் யாரைச் சுடுகிறது என்பதுதான் கேள்வி. பாகப்பிரிவினையில் ஒரு வளையல் குறைந்ததற்காக, அடுத்த தலைமுறையையும் பேசவிடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை!

பெரியவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 'கோபித்துப் போனவன் தானே வரட்டும்' என்று அம்மையப்பன் கயிலாயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளை இருந்த இடம் தேடி இறங்கி வந்தார்கள். 'பழம் நீ' என்றார்கள். ஊருக்கே அது பெயரானது என்கிறது தலபுராணம்.

நம் வீட்டிலும் அப்படி யாரோ ஒருவர், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கலாம்.