யாருடைய துன்பம்?

திருவனந்தபுரம் கரமனையின் அக்கிரகாரத்தில் ஒரு வீட்டை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். உள்ளறையில் தாயார் புற்றுநோயால் படுத்திருக்கிறார். வெளியூரில் பணிபுரியும் மகன் விடுப்பில் வந்திருக்கிறார். இரவில் தாயின் முனகல் எழும்போதெல்லாம் அவர் திண்ணைக்குச் சென்று காதைப் பொத்திக்கொள்கிறார். ‘என்னால் இதைப் பார்க்க முடியவில்லை’ என்கிறார். உற்றார் அதைப் பாசம் என்கின்றனர். பாசந்தான், ஐயமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் தாய் எங்கே?

பிறர் துன்பத்தைக் காணும்போது இருவகை உணர்ச்சிகள் எழுகின்றன. ஒன்று அவர்பால் எழும் பரிவு. மற்றொன்று நம்முள் எழும் கலக்கம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் பாட்சனும் குழுவினரும் 1981-இல் இதை ஆராய்ந்தனர். ஒரு பெண் மின்னதிர்ச்சி பெறுவதாகக் காட்டப்பட்டது. உண்மையில் அது நடிப்பு. பார்ப்பவர் விரும்பினால் எஞ்சிய அதிர்ச்சிகளைத் தாம் ஏற்கலாம். எளிதில் விலக வழியிருந்தபோது, கலங்கியவர்களுள் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். பரிவு கொண்டவர்களோ, வழியிருந்தும் பெரும்பாலும் உதவ முன்வந்தனர். இளகிய மனத்தினர் என்று பெயரெடுத்தவர்களே நோயாளியின் அறைக்கு வரத் தயங்குவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

உற்றாரைப் போர்க்களத்தில் கண்ட அர்ஜுனனுக்கு உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீவம் நழுவியது. அவனைப் பற்றிய உணர்ச்சியைக் கீதை ‘கிருபை’ என்றே அழைக்கிறது. எனினும் பகவான் அதை ஏற்கவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனின் இலக்கணம் கூறும்போது அவரே கருணையை வேண்டுகிறார். அதே சுலோகத்தில் ‘நான்’, ‘எனது’ என்பவை அகன்ற நிலையையும் உடன் வைக்கிறார். ‘நான்’ அகலாத இடத்தில் கிருபையும் தன்னைச் சுற்றியே சுழலும்.

கலங்குவது குற்றமன்று. மருத்துவ மாணவராயிருந்தபோது, புற்றுநோய் வேதனையில் அலறிய ஒருவருக்கு ஏதும் செய்ய இயலாமல் நின்றதை டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அவரும் நண்பர்களும் 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பணியைத் தொடங்கினர். 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வை அவர் நிறுவினார். கேரள அரசு 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இன்று செவிலியர் வீடு தேடி வருகின்றனர்.

கரமனை வீட்டிற்கும் ஒரு செவிலியர் வருகிறார். தாயாரின் கையைப் பற்றி வலியைப் பற்றிக் கேட்கிறார். வலி முற்றும்வரை காத்திராமல் மருத்துவர் குறித்த நேரத்தில் மருந்து கொடுக்கவும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், உலர்ந்த உதட்டை நனைக்கவும் மகனுக்குக் கற்பிக்கிறார்.

அன்றிரவும் முனகல் எழுந்தது. மகனின் கை நடுங்கியது. நேரத்தைப் பார்த்துவிட்டு ஈரத்துணியுடன் கட்டிலருகே குனிந்தார்.

‘எங்கேம்மா வலிக்கிறது?’