படித்தது ஒன்று, பார்க்கிற வேலை ஒன்று

"படித்தது ஒன்று, பார்க்கிற வேலை ஒன்று" என்று நம் வீடுகளில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அந்தப் பேச்சில் கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் குறையும் கலந்தே வரும். அத்தனை வருடப் படிப்பும் அதற்குக் கட்டிய பணமும் வீணாகிவிட்டன என்பதுதான் அதன் பொருள். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பாடத்தில் படித்த செய்திகள் துறை மாறும்போது உதிர்ந்துபோகலாம். அந்தப் பாடம் பழக்கிய யோசிக்கும் முறை உதிர்வதில்லை. கணினிகளின் வேகம் குறித்து ஆலோசனை சொல்லும் நிபுணர்களின் துறை இதற்கு நல்ல சான்று.

டிக்கெட் முன்பதிவுத் தளமோ வங்கியின் சர்வரோ மந்தமாகிவிட்டால், நேரம் எங்கே விரயமாகிறது, இன்னும் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று அளந்து சொல்வது இவர்கள் வேலை. இதில் பெயர் பெற்றவர் ஆஸ்திரேலியரான நீல் கன்தர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது கோட்பாட்டு இயற்பியலில். பிறகு ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார். 1994-இல் கலிஃபோர்னியாவில் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். மெஷின்களை வாங்கிச் சேர்த்தால் வேகம் கூடிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு வேலையில் 5 சதவீதத்தைப் பகிர்ந்து செய்ய முடியாது என்றால், எத்தனை ஆயிரம் பிராசஸர்களைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து கிடைக்கும் கணக்கு இது. பிராசஸர்கள் தங்களுக்குள் தகவலை ஒத்துப்பார்க்க ஆகும் நேரத்தையும் கன்தர் இதில் சேர்த்தார். 10 பிராசஸர்கள் என்றால் ஒத்துப்பார்க்க 45 ஜோடிகள். 100 என்றால் 4,950. ஆகவே ஓர் எல்லைக்கு அப்பால், புதிதாகச் சேர்க்கும் பிராசஸர் மொத்த வேகத்தையே குறைத்துவிடும். ஆம்டாலும் 1952-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவரானவர்தான். வரிசையில் காத்திருப்பது பற்றிய அடிப்படை விதியை 1961-இல் நிறுவிய ஜான் லிட்டில் இளநிலையில் படித்ததும் இயற்பியலே. ஆயிரம் விவரங்களில் முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, சிறிய சமன்பாடாக எழுதி, அது சொல்வது சரியா என்று அளந்து பார்க்க இயற்பியல் பழக்குகிறது. மந்தமான கணினிக்குத் தேவைப்படுவதும் அந்தப் பழக்கம்தான்.

வென்ற மூவரைக் காட்டி எல்லாரும் வெல்லலாம் என்று சொல்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துறை மாறித் தடுமாறியவர்களின் பெயர்கள் எந்த விதிக்கும் சூட்டப்படுவதில்லை. துறை மாறினால் வெற்றி நிச்சயம் என்று நான் வாதிடவில்லை. படித்தது வீண் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதைத்தான் மறுக்கிறேன். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கல்விக்கடன் வாங்கி மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேறு வழியின்றி ஐ.டி. கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கும் பிள்ளையிடம் போய் யோசிக்கும் முறை மிஞ்சியது என்று சொன்னால் அவன் கோபப்படுவான். லேப் ரெக்கார்டை சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதி, ஐந்து வருட வினாத்தாள்களை மனப்பாடம் செய்து தேறியிருந்தால் அவன் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் அவன் மெக்கானிக்கல் வேலையிலேயே சேர்ந்திருந்தாலும் அதே வெறுங்கையோடுதான் நின்றிருப்பான். இழப்பு நடந்த இடம் வகுப்பறை. துறை மாறியபோது அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். இப்போதுதான் மென்பொருள்களே எல்லாவற்றையும் அளந்து படமாகக் காட்டுகின்றனவே என்பாரும் உண்டு. காட்டட்டும்; எதை அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எனவே ஆளெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். நீ சொந்தமாக அளந்து பார்த்தது என்ன, உன் கணக்கு தப்பியபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரும், எந்தப் பிரிவு என்று விசாரிக்கும் அதே அக்கறையோடு, அங்கே லேபில் மாணவர்கள் தாங்களே சோதனை செய்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.