நிரப்பப்படாத இடம் யார் பொறுப்பு?

நெமிலிச்சேரியில் சென்னைக்குப் போகும் மின்ரயிலில் ஏறினால் அடுத்து பட்டாபிராம், அதற்கடுத்து ஹிந்து காலேஜ். ஒரு கல்லூரியின் பெயரே நிறுத்தத்தின் பெயராகிவிட்ட இடம் அது. இந்தத் தடத்தில் காலை வேளையில் பயணிக்கும் மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். அவர்கள் உள்ளே வர 69 விழுக்காடு இடஒதுக்கீடு துணை நிற்கிறது. 1994இல் அதை அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்க வைத்தது தமிழ்நாடு. அதே மாணவர்களில் ஒருவர் முதுகலை, முனைவர் பட்டம் எல்லாம் முடித்து, சென்னையின் மறுமுனையில் உள்ள ஐஐடியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. மாணவராக உட்கார இடம் கொடுத்த சமூகம், ஆசிரியராக நிற்க இடம் கேட்டால் தகுதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. இந்தத் தயக்கம் அறத்துக்குப் பொருந்துமா?

ஐஐடிகளின் தொழில்நுட்பத் துறைகளில் ஆசிரியர் நியமனத்துக்கு நெடுங்காலம் இடஒதுக்கீடு கிடையாது. 2008இல்தான் மத்திய அரசு உதவிப் பேராசிரியர் நிலையில் அதைக் கொண்டுவந்தது. 2019இல் வந்த சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிகள் அனைத்துக்கும் ஒதுக்கீட்டை விரித்தது. அடுத்த ஆண்டே, ஐஐடி இயக்குநர்கள் இடம்பெற்ற குழுவொன்று தங்கள் நிறுவனங்களுக்கு விலக்குக் கேட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சிலவற்றுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. அந்த வரிசையில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. உலகத் தரத்தோடு போட்டியிடுகிறோம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் போதிய முனைவர்கள் இல்லை என்பது காரணம்.

இந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கற்பிக்கத் தெரியாத ஒருவர் முப்பது ஆண்டு ஒரு துறையில் இருந்தால், அதன் சுமையைச் சுமப்பவர்கள் மாணவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போய்விடுவார். முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே நல்ல ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை எல்லாரையும்விட அவருக்கே உரியது.

ஆனால் அந்தக் காரணம் எங்கே முறிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐஐடிகளின் முனைவர் பட்டச் சேர்க்கை யார் கையில் இருக்கிறது? ஐஐடிகளின் கையில்தான். அங்கும் ஒதுக்கீடு சட்டப்படி உண்டு. ஆய்வு மாணவர்களைச் சேர்த்து, வழிகாட்டி, உருவாக்க வேண்டியவர்களே, பத்து ஆண்டு கழித்து ஆளில்லை என்று சொன்னால், அது அவர்களுடைய செயலின் விளைவு. தான் விதைக்காத நிலத்தில் விளைச்சல் இல்லை என்று ஒருவர் முறையிடுவதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

தகுதி எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, மதிப்பெண்ணும் ஆய்வுக் கட்டுரைகளும் நேர்காணலுக்கு அழைக்கத்தான் பயன்படும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வு நேர்காணலை மட்டுமே கொண்டு நடக்கும். முதுகலையில் 55 விழுக்காடு என்ற வரம்பில் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிடுவதில் சாதிக்கொரு அளவுகோல் கிடையாது. இத்தனையும் தாண்டி நேர்காணல் அறைக்குள் வந்தவரிடம், ஒரு குழு சிறிது நேரம் பேசிவிட்டு ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட முடியும். ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒரு நேர்காணலின் அபிப்பிராயம் தோற்கடிக்கிறது. பேச்சுத் தோரணை, ஆங்கில உச்சரிப்பு, யாரிடம் படித்தார் என்பதெல்லாம் அந்த அபிப்பிராயத்துக்குள் நுழைந்துவிடும். குழுவில் உள்ளவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. தங்களைப் போலவே பேசுகிறவரைத் திறமையானவர் என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பைத் தடுக்கத்தான் விதி வேண்டியிருக்கிறது.

கெட்ட எண்ணமே இல்லாமலும் அநீதி நடக்கும் என்பதற்குச் சுழற்சிப் பட்டியலைவிடத் தெளிவான சான்று இல்லை. எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படி வகுக்கும் அந்தப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோரின் முதல் இடம் 4ஆவது, பட்டியல் சாதியினருடையது 7ஆவது, பழங்குடியினருடையது 14ஆவது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எண்ணினால் இந்த இடங்கள் விரைவில் வந்துவிடும். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் யுஜிசி அதையே ஆணையாக்கியது. மூன்று பணியிடங்கள் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இருபத்தைந்து ஆண்டு பணியாற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் சாதியினரின் முதல் முறை வர ஐம்பது ஆண்டு. பழங்குடியினரின் முறை வர நூறு ஆண்டு. யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை, ஆனாலும் ஒரு நூற்றாண்டு போய்விடுகிறது. நாடெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் போராடிய பிறகே 2019 சட்டம் நிறுவனத்தை மீண்டும் அலகாக்கியது.

ஒதுக்கீட்டை ஆதரிப்போரும் ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரியைப் பற்றி 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறுபான்மை இன ஆசிரியர் வகுப்பெடுக்கும்போது வெள்ளையின மாணவர்களுக்கும் சிறுபான்மை மாணவர்களுக்கும் இடையிலான தேர்ச்சி வேறுபாடு குறிப்பிடத்தக்க அளவு குறைவதைக் காட்டியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வாதம் முழுவதையும் இதன்மேல் கட்டினால், தலித் ஆசிரியரின் பணி தலித் மாணவரைத் தேற்றுவது என்று ஆகிவிடும். அவர் வேதியியல் கற்பிக்க வந்தவர். தன் சமூகத்து மாணவருக்கு அவரால் நன்மை விளையாவிட்டாலும் அந்த வேலையில் அவருக்குள்ள பங்கு பங்குதான். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தின் பதவிகள் சிலருடைய வழிவழிச் சொத்தாகக் கூடாது என்பதே போதுமான காரணம். 1927இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பனர் உள்ளிட்ட எல்லா வகுப்பாருக்கும் பகிர்ந்தளித்தபோது இதைத்தான் செய்தது. அன்று ஒடுக்கப்பட்டோருக்குக் கிடைத்தது பன்னிரண்டில் ஒன்று.

அமெரிக்காவில் இதே நோக்கத்துக்கு வேறு வழி தேடினார்கள். பன்மைத்தன்மைக்கு நான் என்ன செய்தேன், என்ன செய்வேன் என்று விண்ணப்பதாரர் எழுதித் தர வேண்டும் என்றன பல பல்கலைக்கழகங்கள். 2024இல் எம்ஐடி அதைக் கைவிட்டது. 2025இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் கைவிட்டது. கைவிட்டது சரியே. வேலைக்காக ஒருவரிடம் கொள்கை அறிக்கை கேட்பது, நன்றாக எழுதத் தெரிந்தவருக்கும் நடிக்கத் தெரிந்தவருக்கும் சாதகம். நம்முடைய சாதிச் சான்றிதழ் கரடுமுரடான கருவிதான். ஒரே பிரிவுக்குள் வசதி படைத்தவரும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக நிற்கிறார்கள். அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாடு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்ததைப் போல அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் யாருடைய மனச்சாட்சிக்குள்ளும் எட்டிப்பார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட ஒரு வரைவு, ஆள் கிடைக்காத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுவாக்க வழி காட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் அப்படிச் செய்ய மாட்டோம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் இடம் வெறுமையாகவே கிடந்தால் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது? அந்த ஆசிரியர் இல்லாமலே ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு படித்து வெளியேறுகிறது. தகுதியின் பெயரால் வாதாடுவோர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்றால், அதை மெய்ப்பிக்கும் கடமை தேர்வுக் குழுவுக்கு உரியது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், ஒவ்வொருவரிடமும் கண்ட குறை என்ன என்று உறுப்பினர்கள் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் கேட்டால் தமக்கான குறிப்பைப் படிக்க முடிய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் மறு விளம்பரம் வர வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினர் விண்ணப்பித்திருந்தால் அப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று யுஜிசி விதி ஏற்கெனவே சொல்கிறது. அவர் பெயருக்கு உட்கார்ந்திருக்காமல், உடன்படாவிட்டால் தன் கருத்தைத் தனியே பதிவு செய்ய இடம் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு துணைவேந்தரோ இயக்குநரோ நினைத்தால் அடுத்த நேர்காணலிலேயே தொடங்கிவிடலாம்.