மஞ்சட்கரு மருந்தும் கொல்லா விரதமும்

ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியே மேலேறினால் ஏலமலைச் சரிவுகள் விரிகின்றன. மலைப்புறத்தே பன்றி வளர்ப்போரும் உளர். நம் இல்லத்துப் பிள்ளை ஒருவர் கால்நடை மருத்துவராகி அங்குப் பணியேற்றால், வயிற்றுப்போக்கால் துவளும் பன்றிக் குட்டிக்கு, முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து எடுத்த மருந்தைப் புகட்டலாமா? இவ்வினாவை அறநோக்கில் ஆராய்வோம்.

பன்றிக் குட்டி நோயெதிர்ப்புப் பொருளின்றியே பிறக்கிறது. தாயின் நச்சுக்கொடி அதனைக் கடத்துவதில்லை. முதல் நாளில் அருந்தும் சீம்பாலே காப்பு. அது போதிய அளவு கிட்டாத குட்டியின் குடலை ஈ.கோலி என்னும் கிருமி தன் நுண்ணிழைகளால் பற்றி நஞ்சு சுரக்க, உடல்நீர் வற்றிக் குட்டி மடிகிறது. அக்கிருமிக்கு எதிராக ஊசியிட்ட கோழியின் மஞ்சட்கருவில் எதிர்ப்புப் புரதம் சேரும். கோழியின் காப்பு முட்டைக்குச் செல்வதை 1893இல் கிளெம்பெரர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காட்டினார். அப்புரதத்தை வாய்வழி கொடுத்தால், கிருமி குடலைப் பற்றவொட்டாமல் தடுக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லிகளோ கிருமியை அழிப்பன; மிகுதியாக வழங்கின், கிருமிகள் அவற்றுக்கு அடங்காமற் போகும். அதனாலேயே உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் வழங்குவதை நம் அரசு 2019இல் தடைசெய்தது.

கொல்லாது தடுக்கும் மருந்தாதலின் இது குற்றமற்றதோ? அவ்வாறு கொள்வதற்கில்லை. அகிம்சை அணுவிரதத்திற்கு நம் அறநூல்கள் கூறும் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கூண்டில் அடைபட்ட கோழி இவற்றுள் முதலாவதையும், சீம்பால் கிட்டாமல் விடப்பட்ட குட்டி இறுதியானதையும் நினைவூட்டுகின்றன.

கொல்லப்படவிருக்கும் விலங்குக்கு மருந்து எதற்கு எனச் சிலர் வினவலாம். நாளைய கொலை இன்றைய நோவைப் பொய்யாக்காது. பன்றியும் ஐம்பொறி உயிரே. பெறுவோரின் ஆயுளை அளந்து ஔஷத தானம் செய்வதில்லை.

ஆகவே நாம் கருதுவது இது. தாய்ப்பன்றிக்குத் தடுப்பூசி, உலர்ந்த வெதுவெதுப்பான கொட்டில், ஒவ்வொரு குட்டிக்கும் சீம்பால், இழந்த நீருக்கு உப்புக் கரைசல் ஆகியவற்றையே மருத்துவர் முதலில் நாடுக. இவை போதாவிடத்து அம்மருந்தைத் தயக்கத்தோடு கையாளுதல், குட்டியைக் கைவிடுதலினும் சிறிய குற்றமே. அதனை வணிகமாக்கி ஊதியம் காண்பதும், இறைச்சித் தொழிலில் பங்கு கொள்வதும் சிராவகர்க்கு ஆகா. குற்றத்தைக் குறைத்தோம் என்று அமையலாம். குற்றமே இல்லை என்று மகிழ்தல் தகாது.