பிறர்நோவும் அளவுகோலும்: ஓர் அறவியல் நோக்கு

ஒருவர்க்கு உற்ற நோவை மற்றொருவர் எவ்வாறு அறிவது என்பது மெய்யியலாரை நெடுங்காலமாக ஆட்கொண்ட வினாவாகும். 1953 இல், ஆசிரியர் மறைந்த பின் வெளிவந்த ‘மெய்யியல் ஆய்வுகள்’ என்னும் நூலில் விற்கன்ஸ்ரைன் இதனை விளக்கப் பெட்டி உவமையொன்றைக் கையாண்டார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. உள்ளிருப்பதை யாவரும் ‘வண்டு’ என்கின்றனர். ஆயின் ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்து பார்த்தல் இயலாது. அந்நிலையில் அச்சொல்லின் பொருள் பெட்டிக்குள் இருப்பதனால் அன்று, மக்களிடையே அச்சொல் வழங்கும் முறையினாலேயே அமையும். நோவைச் சுட்டும் சொற்களும் அத்தகையனவே என்பது அவர் காட்ட விழைந்த உண்மை. இது வகுப்பறைக்குள் அடங்கிவிடும் வினாவன்று. மூட்டுத் தேய்வு நோயினரின் நிலையை அறியும் வினாக்கொத்தொன்றை ஹவுசா மொழியிற் பெயர்த்து, அதன் தகுதியை நிறுவும் பணியில் இவ்வினா அறவினாவாகவும் உருக்கொள்கின்றது.

மூட்டுத் தேய்வு நோயில், கதிர்ப்படத்திற் காணப்படும் சிதைவும் நோயாளி உணரும் நோவும் பல வேளைகளில் ஒத்துவருவதில்லை. படத்தில் மூட்டுப் பெரிதும் சிதைந்திருக்க, நோயாளி சிறிதளவே துன்புறலாம், மறுதலையாகவும் நிகழலாம். ஆகவே நோயாளியின் வாய்மொழியே முதன்மையான சான்றாகின்றது. அவ்வாய்மொழியை எண்ணாக மாற்றும் கருவியே வினாக்கொத்து. 1982 இல் கனடாவில் ஆக்கப்பட்டு, வெஸ்ரேர்ன் ஒன்ராறியோ, மக்மாஸ்ரர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயரால் வழங்கும் சுட்டி இவற்றுட் பெயர்பெற்றது. அதில் நோவு பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாடச் செயல்கள் பற்றி 17 என மொத்தம் 24 வினாக்கள் உள்ளன. ‘இல்லை’ என்பதிலிருந்து ‘மிகக் கடுமை’ என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றை நோயாளி தெரிந்து கூறுதல் வேண்டும்.

வட நைஜீரியாவிலும் தென் நைஜரிலும் பல கோடி மக்களின் தாய்மொழியாகிய ஹவுசாவில் இத்தகைய கருவியைப் பெயர்ப்பதற்கு வகுத்த முறையுண்டு. இருவர் தனித்தனியே பெயர்ப்பர், இரண்டும் ஒன்றாக்கப்படும், மூலத்தைக் கண்டிராத வேறிருவர் அதனை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பர், அறிஞர் குழுவொன்று ஒப்புநோக்கும், பின்னர் முப்பது நாற்பது நோயாளரிடம் அது பரீட்சிக்கப்படும். அதன்மேல் நம்பகம், தகுதி ஆகியன புள்ளிவிபரவியல் வாயிலாகக் கணிக்கப்படும். முறை சீரியதே. எனினும் அம்முறையின் வலையில் அகப்படாது நழுவுவன சில உள்ளன.

முதலாவது, வாழ்க்கைமுறை. கனேடிய வினாக்கொத்து குளியற்றொட்டியில் இறங்கி ஏறுதல், மோட்டார் வண்டியில் ஏறி இறங்குதல், காலுறை அணிதல் முதலியவற்றை வினவுகின்றது. வாளி நீரிற் குளிப்பவருக்குத் தொட்டி பற்றிய வினா எத்துணைப் பிழையறப் பெயர்க்கப்பட்டாலும் பொருளற்றதே. மறுபுறத்தில், ஹவுசா மக்களுட் பெரும்பாலோர் இஸ்லாமியர். நாள்தோறும் ஐவேளைத் தொழுகையில் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்திற் பட வணங்கி எழுபவர். அவர்தம் முழங்காலுக்கு நேரும் பெருஞ்சோதனை அதுவே. மூலத்திலோ அதுபற்றிய வினா இல்லை. இக்குறை உணரப்படாமலில்லை. இபடான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் நைஜீரியச் சூழலுக்கெனத் தனியொரு வினாக்கொத்தை ஆக்கினர். அது ஹவுசாவிலும் பெயர்க்கப்பட்டுத் தகுதி காணப்பட்டமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, சொல். ஹவுசாவில் ‘சிவோ’ என்னும் சொல் நோவையும் நோயையும் ஒருங்கே குறிக்கும். ‘ஸாபி’ என்பது வெம்மையையும் நோவையும் குறிக்கும். ஈழத்துப் பேச்சுவழக்கில் ‘வருத்தம்’ என்பது நோய்க்கும் மனத்துயருக்கும் பொதுவாய் நிற்றலை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. இரவில் ‘சிவோ’ எவ்வளவு எனக் கேட்கப்படும் முதியவர், நோய் முற்றிவிட்டதா என்னும் வினாவாகவே அதனைக் கொள்ளக்கூடும். ஆயின் கல்வியறிவுடைய மீள்பெயர்ப்பாளர் இடமறிந்து அதனை ‘நோவு’ என்றே பெயர்ப்பார்; மூலமும் மீள்பெயர்ப்பும் செவ்வனே பொருந்தும். பெயர்ப்பாளர் இருவருக்கிடையே உள்ள உடன்பாடு, நோயாளியோடு உள்ள உடன்பாடாகிவிடாது.

மூன்றாவது, அறம். இதுவே ஆழமானது. ஹவுசா மக்களின் நன்மகன் பற்றிய கருத்தாகிய ‘முத்துமின் கிர்க்கி’ குறித்து அந்தனி கேர்க்-கிறீன் ஆற்றிய உரையொன்று 1974 இல் நூலாயிற்று. அக்கருத்தில் ‘கஸ்கியா’ எனும் வாய்மையும், ‘ஹக்குரி’ எனும் பொறுமையும், ‘குன்யா’ எனும் நாணமும் ஒருங்கே இடம்பெறுகின்றன. வினாக்கொத்து நோயாளியிடம் வாய்மையை வேண்டுகின்றது. அவர் வளர்ந்த முறையோ துன்பத்தைப் பொறுத்து அடங்குதலைக் கற்பித்துள்ளது. எழுத்தறியா மூதாட்டி ஒருவரிடம் இளைஞர் ஒருவர் வினாக்களை வாசித்து, மலசலகூடத்தில் அமர்ந்தெழும் இடர்பற்றிக் கேட்கும்போது நாணமும் குறுக்கிடும். ‘சிறிதளவு’ என்று அவர் கூறும் விடை பொய்யன்று. ஓர் அறம் மற்றோர் அறத்துக்கு இடம்விட்டு நின்றதன் விளைவேயாகும்.

புள்ளிவிபரவியல் இதனைக் கண்டுபிடித்துவிடும் என நம்பவியலாது. 1951 இல் குரொன்பாக் விளக்கிய ஆல்பாக் குணகம் வினாக்களுக்கான விடைகள் தம்முள் ஒத்தியைகின்றனவா என்பதையே காட்டும். யாவரும் எல்லா வினாக்களுக்கும் ஒரே சீராகக் குறைத்துக் கூறுவாராயின் அக்குணகம் தாழாது. இரு கிழமை கழித்துக் கேட்பினும் அதே விடை வரும். சீராக நிகழும் மௌனமும் நம்பகம் உடையதாகவே தோன்றும்.

இவ்விடத்துத் தடையொன்று எழுப்பப்படலாம். ஒவ்வொரு மக்களுக்கும் ஏற்ப வினாக்களை மாற்றினால் நாடுகளுக்கிடையே ஒப்பீடு இயலாதன்றோ என்பர். இத்தடை எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. பொது அளவுகோல் இல்லாதவிடத்து, மருந்துகளையும் சிகிச்சைகளையும் சீர்தூக்கும் ஆய்வுகளில் ஹவுசா பேசும் நோயாளரின் நோவு கணக்கிலேயே சேராது போகும். கணக்கிற் சேராத துன்பத்துக்குப் பரிகாரம் தேடுவார் அரிது. எனினும், ஒரே எண்ணைப் பெறுதல் ஒரே வினாவைக் கேட்டதாகிவிடாது. கனடாவிற் பெற்ற ‘இரண்டு’ம் கானோவிற் பெற்ற ‘இரண்டு’ம் வெவ்வேறு துன்பங்களாயின், அவற்றைச் சமன் எனக் கொள்ளுதல் குறைத்துக் கூறியவருக்கு இழைக்கும் அநீதியாகும், பொறுமையுடையாரை அவர்தம் பொறுமைக்காகவே தண்டித்தலாகும்.

ஆகவே பெயர்ப்பாளர் இருவருக்குக் கடன்பட்டவராகிறார்: மூலத்தை ஆக்கியவர் ஒருவர், விடை கூறும் நோயாளி மற்றவர். தொட்டிக்குப் பதிலாகத் தொழுகை விரிப்பு வரலாம்; உடலைத் தாழ்த்தி மீளும் ஆற்றலை அறிதல் என்னும் நோக்கம் மாறலாகாது. ‘செய்ய முடிகிறதா?’ என்று மட்டும் கேட்பின் பொறுமையுடையவர் ‘முடிகிறது’ என்றே கூறுவார். ‘என்ன பாடுபட்டுச் செய்கிறீர்கள்?’ என்பதும் கேட்கப்படல் வேண்டும். முப்பது நாற்பது நோயாளரிடம் ‘இவ்வினாவால் நீங்கள் விளங்கிக்கொண்டது யாது?’ என அமர்ந்து வினவும் அச்சிறு படிநிலை, குணகங்களுக்கு முன்னே விரைந்து கடக்கப்படும் சடங்காகிவிடலாகாது. நோயாளி தம் சொல்லுக்குத் தாமே பொருளுரைக்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு.

பெட்டியைத் திறத்தல் எவர்க்கும் இயலாது. ஆயினும் பெட்டியை உடையவர் பேசும்போது, அவர் கூறுவதையும் கூறாது அடக்குவதையும் செவிமடுத்தல் இயலும். தகுதி காணல் என்பது கருவியின் தகுதியை மட்டுமன்றி, கேட்பவரின் தகுதியையும் சோதிக்கின்றது.